குஞ்சைக் கொன்றது காற்றா?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால், காலாப்பட்டை எட்டுமுன் பிள்ளைச்சாவடி வரும். பொறியியற் கல்லூரியாக இருந்து இன்று தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாகிவிட்ட கல்விக்கூடம் ஒரு பக்கம். மீனவர் குடியிருப்பு மறுபக்கம். அதற்கப்பால் கடல். புதுச்சேரித் துறைமுகத்திற்காக 1980-களின் பிற்பகுதியில் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்த பிறகு மணலின் போக்கு தடைப்பட்டு, வடக்கேயுள்ள கரைகளைக் கடல் அரிக்கத் தொடங்கியது. பிள்ளைச்சாவடியும் அந்த அரிப்புக்குத் தப்பவில்லை. ஊருக்கும் கடலுக்கும் இடையே முன்பு இருந்த மணல்வெளி குறைந்துவிட்டதால், புயற்காற்று வீசும்போது அதன் முதல் அறை வீட்டு முற்றத்தின்மேலேயே விழுகிறது.

அப்படிப்பட்ட முற்றம் ஒன்றில், ஒரு தாய்க்கோழியும் அது பொரித்த பத்துக் குஞ்சுகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். குஞ்சுகளுக்கு வயது ஒரு வாரம். இரவு முழுதும் புயல் அடித்து ஓய்கிறது. விடிந்ததும் பார்த்தால் மூன்று குஞ்சுகள் நனைந்து விறைத்துக் கிடக்கின்றன. மிஞ்சிய ஏழும் தாயின் பின்னே ஓடித் திரிகின்றன. "போனது போகட்டும், இவையாவது பிழைத்தனவே" என்று வீட்டார் ஆறுதல் அடைகிறார்கள். ஆனால் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ அவையும் சோர்ந்து நிற்கத் தொடங்குகின்றன. வெள்ளையும் பச்சையுமாகக் கழிகின்றன; வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன; ஒன்றிரண்டுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்கிறது. வாரம் முடிவதற்குள் தாய்க்கோழியும் போய்விடுகிறது.

"கெட்ட காற்று அடித்துவிட்டது" என்பார் வீட்டுப் பாட்டி. முதல் மூன்றையும் பின்னர் ஏழையும் கொன்றது ஒரே காற்றுதான் என்பது அவர் முடிவு. இந்த முடிவு சரியா? இக்கேள்விக்கு விடை காண அறிவியலுக்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின. விடையின் முதற்பாதி, பிள்ளைச்சாவடி எந்த அரசின் ஆட்சியில் இருந்ததோ அந்தப் பிரான்சு நாட்டின் தலைநகரிலேயே, கோழிகளைக் கொண்டே கண்டறியப்பட்டது. அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் புயலைப் பற்றிச் சிறிது. மேலைநாட்டுக் கோழி நூல்களில், இளவேனிற்காலப் புயலிலிருந்து குஞ்சுகளைக் காப்பதெப்படி என்று எழுதியிருப்பார்கள். அங்கே குஞ்சு பொரிக்கும் பருவமும் காற்று மாறும் பருவமும் ஒன்று. நம் கரையில் சித்திரை, வைகாசியில் இடிமழை வருவதுண்டு. என்றாலும் பெரும்புயலின் காலம் ஐப்பசி முதல் மார்கழி வரைதான். 1761-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் புதுச்சேரிக் கடலில் வீசிய புயல், நகரை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றை மூழ்கடித்தும் கரையில் மோதியும் அழித்தது. ஆயிரம் பேருக்கு மேல் மாண்டனர். ஆயினும் அந்த மாத நடுவிலேயே பிரெஞ்சுக்காரர் சரணடைந்தனர் என்பது வேறு கதை. நம் காலத்தில் 2011 டிசம்பர் 30 அதிகாலையில் 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. அது காற்றுப் புயல். மணிக்கு ஏறத்தாழ 140 கிலோமீட்டர் வேகம். 2024 நவம்பர் 30 இரவு வந்த 'ஃபெஞ்சல்' வேறு வகை. அதன் காற்று அத்தனை கடுமையானதன்று. ஆனால் கரையைத் தொட்டபின் நகராமல் நின்றுவிட்டது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிற்று. கூரையைப் பிரிப்பது முதல்வகைப் புயல். தரையை நனைப்பது இரண்டாம்வகை. குஞ்சுகளுக்கு இரண்டில் எது பொல்லாதது என்று கேட்டால், இரண்டாவதையே சொல்வேன். காரணத்தை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

நாட்டுக்கோழிக் குஞ்சு ஒன்று பிறக்கும்போது 30 கிராம் எடை இருக்கும் என்று கொள்ளுங்கள். அதன் உடற்சூடு 40 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருக்க வேண்டும். வளர்ந்த கோழிக்கு இது 41, 42 டிகிரி. நம்மைவிட நாலைந்து டிகிரி அதிகம். குஞ்சுக்கு இறகு கிடையாது, பஞ்சு போன்ற தூவி மட்டுமே. தூவிகளுக்கிடையே சிறைப்பட்டிருக்கும் காற்றுதான் அதன் போர்வை. நனைந்தால் அந்தப் போர்வை போய்விடுகிறது. அதோடு நிற்பதில்லை. ஒட்டியிருக்கும் நீர் ஆவியாக வேண்டும். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் தேவை. 30 கிராம் குஞ்சின் சூடு ஒரு டிகிரி குறைவதற்கு 24 கலோரி இழந்தாலே போதும். ஒரு கிராம் நீர் உலர்வதற்கான வெப்பத்தில் நான்கில் ஒரு பங்கு மட்டுமே குஞ்சின் உடலிலிருந்து போகிறது, மீதியைக் காற்று தருகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 145 கலோரி. அதாவது ஆறு டிகிரி! காற்று வேகமாக வீசினால் ஆவியாதலும் விரைவாகும். இழந்ததை ஈடுகட்டும் அளவுக்கு வெப்பத்தை உண்டாக்கும் திறன் குஞ்சுக்குப் பிறந்தவுடன் வந்துவிடுவதில்லை. இறகு முளைத்து இரண்டு மூன்று வாரம் ஆன பின்னரே வருகிறது. அதுவரை அதன் அடுப்பு தாய்க்கோழியின் வயிற்றடிதான்.

ஆகவே முதல் மூன்று குஞ்சுகளின் சாவுக்குக் குளிர்தான் காரணம். இதில் பாட்டி சொன்னது சரி. அடுத்த ஏழு?

1870-களில் மருத்துவ உலகம் இரண்டாகப் பிரிந்து வழக்காடிக்கொண்டிருந்தது. நோய்க்குக் காரணம் குளிர், காற்று, உடற்பாங்கு என்றது ஒரு பக்கம். நுண்ணுயிர்தான் காரணம் என்றது மறுபக்கம். இரண்டாம் கட்சியின் தலைவர் லூயி பாஸ்டர். ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோயை அவர் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தார். கோழிகளுக்கு மட்டும் அந்நோய் வருவதில்லை; கிருமியை ஊசியில் ஏற்றினாலும் கோழி பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். கிருமிதான் காரணமென்றால் கோழி ஏன் சாகவில்லை?

கோழியின் சூடான உடம்பில் கிருமி பெருக முடியவில்லையோ என்று பாஸ்டர் ஐயுற்றார். ஐயத்தைச் சோதிக்க அவர் கையாண்ட வழி மிக எளியது. கிருமி ஏற்றிய ஒரு கோழியைப் பலகையில் கட்டி, அதன் உடலின் கீழ்ப்பகுதி ஏறத்தாழ 25 டிகிரி நீரில் அமிழும்படி வைத்தார். உடற்சூடு 37, 38 டிகிரிக்கு இறங்கிற்று. மறுநாளே கோழி செத்தது. அதன் இரத்தமெங்கும் அடைப்பான் கிருமிகள்.

இதோடு நிறுத்தியிருந்தால், "குளிர் நீரில் கட்டிப்போட்டால் எந்தக் கோழிதான் சாகாது?" என்று எதிர்க்கட்சியினர் கேட்டிருப்பார்கள். எனவே இரண்டாவது கோழியை அதே நீரில் அதே நேரம் வைத்தார், ஆனால் கிருமி ஏற்றவில்லை. அது சாகவில்லை. மூன்றாவது கோழிக்குக் கிருமியை ஏற்றினார், ஆனால் குளிர்விக்கவில்லை. அதுவும் சாகவில்லை. 1878 மார்ச்சில் செத்த கோழி ஒன்றும் உயிருள்ள கோழிகள் இரண்டுமாக ஒரு கூண்டுடன் பாரிஸ் மருத்துவக் கழகத்திற்கே போய் இறங்கினார் பாஸ்டர். கோழிகளையே சாட்சிக் கூண்டில் நிறுத்தி வழக்காடியவர் உலகில் வேறு யாரும் உண்டோ, எனக்குத் தெரியவில்லை!

இன்னொரு கோழியையும் சொல்ல வேண்டும். அதற்கும் கிருமி ஏற்றி, நீரில் வைத்து, நோய் நன்றாகப் பற்றிக்கொண்ட நிலையில் வெளியே எடுத்தார்கள். துடைத்து, பஞ்சில் சுற்றி, 35 டிகிரி வெப்பமுள்ள இடத்தில் வைத்தார்கள். சில மணி நேரத்தில் கோழி தெளிந்து பிழைத்துக்கொண்டது.

இச்சோதனைக்குப் பாஸ்டர் கொடுத்த விளக்கம் முழுதும் நிற்கவில்லை. சூடு மட்டுமே கிருமியைத் தடுக்கிறது என்பதைவிட, குளிர்ந்த உடலில் எதிர்ப்பு வேலைகள் தளர்ந்துபோவதும் சேர்ந்தே கோழியை வீழ்த்துகிறது என்று இன்று கருதுகிறோம். ஆனால் சோதனையின் தீர்ப்பு இன்றும் மாறவில்லை. குளிர் மட்டும் வந்தது, கோழி பிழைத்தது. கிருமி மட்டும் வந்தது, அப்போதும் பிழைத்தது. இரண்டும் சேர்ந்தன, கோழி செத்தது. புயலுக்குப் பிந்திய முற்றத்தை நினைத்துக்கொண்டு இதை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். (பஞ்சாரத்துக் குஞ்சு தண்ணீரில் கட்டிப்போட்ட வளர்ந்த கோழியன்று, குளிர் மட்டுமே அதைக் கொல்லும் என்பதை மேலே கண்டோம்.)

அடுத்த ஆண்டே பாஸ்டர் கோழிகளிடம் மீண்டும் வந்தார். இம்முறை கோழிக்காலரா. துலூஸ் நகரக் கால்நடை அறிஞர் தூசேன், அந்நோயால் இறந்த சேவலின் தலையை அவருக்கு அனுப்பியிருந்தார். அதிலிருந்து கிருமியை வளர்த்துக் கோழிகளுக்கு ஏற்றினால் அவை தவறாமல் செத்தன. ஆனால் நெடுநாள் கிடந்து பழையதான வளர்ப்பை ஏற்றியபோது கோழிகள் சற்றே நலிந்து தேறிவிட்டன. பின்னர் புதுக்கிருமியை ஏற்றியும் சாகவில்லை. விடுமுறைக்குப் போய்த் திரும்பியபோது தற்செயலாக இது நேர்ந்தது என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். ஆய்வுக்கூடக் குறிப்பேடுகளைப் பிற்காலத்தில் புரட்டியவர்கள், உதவியாளர் எமில் ரூ உட்படப் பலரின் பொறுமையான உழைப்பு இதில் இருந்ததென்றும், கதை அவ்வளவு எளிதன்றென்றும் காட்டினர். 1880-இல் முடிவு வெளியாயிற்று. சென்னர் கண்ட அம்மைப்பாலுக்குப் பின், ஆய்வுக்கூடத்தில் வலுக்குன்றச் செய்த கிருமியால் நோயைத் தடுக்கும் கலை கோழியிடமிருந்தே தொடங்கியது.

இருந்தும், நம் பத்துக் குஞ்சுகளில் பின்னால் செத்த ஏழின் நோய் கோழிக்காலரா அன்று. அது வேறொன்று. அதைக் காண்பதற்குரிய கருவியை உண்டாக்கியவர், கோழியை நீரில் குளிர்வித்த சோதனையில் பாஸ்டருக்குத் துணைநின்ற சார்லஸ் சாம்பர்லாந்து. 1884-இல் அவர் மெருகிடாத பீங்கானாலான ஒரு வடிகட்டியை உருவாக்கினார். அதன் நுண்துளைகள் வழியே நீர் போகும், பாக்டீரியா போகாது. குடிநீரைத் தூய்மையாக்கத்தான் அது பயன்படும் என்று எண்ணினார்கள். ஆனால் சில நோய்ச் சாறுகளை இப்படி வடித்தெடுத்த பின்னும் அவை நோயை உண்டாக்கின! பாக்டீரியாவைவிடச் சிறிய ஏதோ ஒன்று துளை வழியே நழுவி வந்திருக்க வேண்டும். அதையே பின்னர் வைரஸ் என்றோம்.

1926-இல் உலகின் இரு மூலைகளில் கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. ஒன்று, இன்று இந்தோனேசியாவைச் சேர்ந்த ஜாவா. மற்றொன்று, இங்கிலாந்தின் துறைமுக நகரான நியூகாசிலை அடுத்த பகுதி. அங்கே அது இளவேனிற்காலம். காற்றின்மீது பழிபோட வசதியான பருவந்தான். ஆனால் டாயில் என்ற ஆய்வாளர் நோயுற்ற கோழியின் சாற்றை வடிகட்டி, வடிந்த நீரும் கோழியைக் கொல்வதைக் கண்டார். வடிகட்டியில் தங்காத வைரஸே காரணம் என்று 1927-இல் எழுதினார். ஊர்ப்பெயரையே நோய்க்கு வைத்தார். (1761 புயலில் புதுச்சேரிக்குத் தெற்கே கரைதட்டி உடைந்த ஆங்கிலப் போர்க்கப்பல்களில் ஒன்றின் பெயரும் 'நியூகாசில்' என்பது வெறும் தற்செயல், கப்பலுக்கும் நோய்க்கும் தொடர்பில்லை.)

ஏறக்குறைய அதே காலத்தில் இமயமலைச் சாரலிலுள்ள ராணிக்கெட்டிலும் கோழிகள் இப்படியே மடிந்தன. அருகிலிருந்த முக்தேசுவரம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தின் எட்வர்ட்ஸ் அதை ஆராய்ந்து 1928-இல் அறிக்கை தந்தார். மூன்றும் ஒரே நோய். உலகம் 'நியூகாசில்' என்றது. நாம் ராணிக்கெட் என்றோம். கிராமம் வெள்ளைக்கழிச்சல் என்றது. குளிர்ந்த மலையூர், வெப்பமான ஜாவா, கடற்காற்று வீசும் இங்கிலாந்துத் துறைமுகம் ஆகிய மூன்றிலும் வந்த நோய்க்குத் தட்பவெப்பம் எப்படிக் காரணமாக முடியும்? நம் ஊரிலும் அது கோடையிலும் வருகிறது, மழையிலும் வருகிறது.

இப்போது ஏழு குஞ்சுகளின் கணக்குக்கு வருவோம். ராணிக்கெட் வைரஸ் உடலுக்குள் புகுந்தபின் நோய் வெளிப்பட 2 முதல் 15 நாள் ஆகலாம். பெரும்பாலும் ஐந்தாறு நாள். ஐந்தாறு நாள் பின்னோக்கி எண்ணினால் புயல் நாளுக்கே வந்து சேர்கிறோம்! அன்று என்ன நடந்திருக்கும்? கரையோர வீட்டார் பாதுகாப்பான இடத்துக்குப் போகும்போது கோழிகளையும் தூக்கிச் சென்றிருப்பார்கள். உறவினர் வீட்டில் நான்கு வீட்டுக் கோழிகள் ஒரே கூரையின்கீழ் ஒடுங்கியிருக்கும். அவற்றில் ஒன்று நோயுற்றதாக இருந்தாலே போதும். அதன் எச்சமும் மூச்சும் மற்றவற்றுக்குப் பரப்பிவிடும். புயல் முடிந்ததும், சோர்ந்த கோழியை வீணாக்காமல் விற்றுவிடுவோம் என்று சந்தைக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. காற்று வைரசை உண்டாக்கவில்லை. கோழிகளைக் கூட்டிவைத்தது, குளிரால் தளர்த்தியது. பாட்டி காற்றைக் குறை சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். ஆனால் காற்றுதான் எல்லாம் என்று நம்பிவிட்டால், செய்யக்கூடிய ஒன்றைச் செய்யாமல் விட்டுவிடுகிறோம். அதில்தான் நட்டம்.

செய்யக்கூடியது தடுப்பு மருந்து. முக்தேசுவரத்தில் 1940-களில் வலுக்குறைந்த ஒரு வைரஸ் வகையை உருவாக்கினார்கள். வளர்ந்த கோழிகளுக்கு ஊசியாக அது இன்றும் பயன்படுகிறது. இளங்குஞ்சுகளுக்கு அது கடுமையானது. அவற்றுக்கு 'எஃப்' வகை, 'லசோட்டா' வகை என மென்மையானவை உண்டு. பிறந்த ஒரு வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, அவ்வளவே.

அவ்வளவே என்று எழுதிவிட்டேன், நடைமுறை அப்படியில்லை. மருந்துக் குப்பி நூறு கோழிக்கு அல்லது அதற்கு மேற்பட்ட கோழிகளுக்கென வருகிறது. பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். பத்தாயிரம் கோழி வளர்க்கும் பண்ணைக்கு இது பொருட்டன்று. பத்துக் குஞ்சு வைத்திருக்கும் வீட்டுக்கு? அறிவியல் நோயைக் கண்டுபிடித்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னும் முற்றத்துக் கோழிகள் சாவது நிற்காததற்கு அறியாமை மட்டுமே காரணமன்று. பெரும் பண்ணையை மனத்தில் வைத்து மருந்தை அடைத்ததும் ஒரு காரணம்.

இந்தக் குறையை நீக்கும் முயற்சி ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. குவீன்ஸ்லாந்தில் 1960-களில், நோய் உண்டாக்காத 'வி-4' என்ற வகை கண்டறியப்பட்டது. அதிலிருந்து வெப்பம் தாங்கும் வகையைத் தேர்ந்தெடுத்து, தீவனத்தில் கலந்து கொடுக்கும் சோதனைகள் 1980-களில் மலேசியாவில் நடந்தன. பின்னர் அதே குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தார் 'ஐ-2' என்ற இன்னொரு வகையை உருவாக்கி, ஏழை நாடுகளுக்கு விலையின்றி அளித்தனர். நம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் நாட்டுக்கோழிகளுக்கென்றே, தீவனம்போல் கொத்தித் தின்னக்கூடிய குருணை வடிவில் ராணிக்கெட் தடுப்பு மருந்தை உருவாக்கியுள்ளது. ஊசியும் வேண்டாம், கோழியைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம். பிள்ளைச்சாவடி வாசகர்களுக்குப் புதுச்சேரி குரும்பாப்பட்டிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி தொலைவில்லை. எந்த மருந்து கிடைக்கிறது என்று கேட்டறியலாம். தெருவில் பத்து வீட்டார் சேர்ந்தால் நூறு கோழிக் குப்பியும் வீணாகாது.

மழை முடிந்தபின் வரும் மற்றொரு சாவையும் சொல்லிவிடுகிறேன். எச்சத்தில் இரத்தம் கலந்து வந்தால் அது இரத்தக் கழிச்சல். இதற்குக் காரணம் வைரசுமன்று, பாக்டீரியாவுமன்று. குடலில் வாழும் ஐமீரியா என்ற ஒரணு ஒட்டுண்ணி. எச்சத்தோடு வெளிவரும் அதன் முட்டைகள் உலர்ந்த தரையில் தீங்கற்றுக் கிடக்கும். ஈரமும் வெப்பமும் கிடைத்தால் இரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். நாள்கணக்கில் தரை காயாத புயல் இவற்றுக்குக் கொண்டாட்டம். நனைந்த உமியை அள்ளி எறிந்து புதிது பரப்புவதே இதற்கு முதல் மருத்துவம்.

இனி, புயல் இரவுக்கு. பஞ்சாரத்தைத் தரையில் கவிழ்க்காமல், செங்கல் அடுக்கிய பலகைமேல் சாக்கும் உமியும் பரப்பி அதன்மேல் கவிழுங்கள். காற்று வரும் பக்கம் மட்டும் தார்ப்பாய் கட்டுங்கள். நான்கு பக்கமும் இறுக மூடினால் மூச்சு முட்டும். மின்விளக்கை நம்பவேண்டாம். தானே புயலுக்குப் பின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கரியடுப்பை மூடிய அறையில் வைப்பது குஞ்சுகளோடு வீட்டாருக்கும் ஆபத்து. செயற்கைச் சூட்டில் குஞ்சு பொரிக்கும் முறையை எகிப்தியர் பண்டைக்காலத்திலேயே கையாண்டனர். பிரெஞ்சு அறிஞர் ரேமூர் 1749-இல் அதுபற்றித் தனி நூலே எழுதினார். ஆயினும் மின்சாரமும் எண்ணெயும் இன்றி இரவு முழுதும் சரியான சூடு தரும் கருவி தாய்க்கோழிதான். அடைமழைக்கு அடைக்கோழி! தாய் இருந்தால் குஞ்சுகளைப் பிரிக்காதீர்கள்; தாயையும் சேர்த்தே மூடுங்கள். நனைந்துவிட்ட குஞ்சை முதலில் துணியால் துடைத்துப் பிறகே சூடு காட்டுங்கள். 145 கலோரிக் கணக்கை மறந்திருக்க மாட்டீர்கள். அண்டை வீட்டுக் கோழிகளுக்கு இடம் கொடுப்பதானால் வேறு மூலையில், வேறு பஞ்சாரத்தில், வேறு தண்ணீர்க் கிண்ணத்துடன் கொடுங்கள்.

விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கிக் குஞ்சுகளை எண்ணுங்கள். ஐந்தாம் நாளும் எண்ணுங்கள், பத்தாம் நாளும் எண்ணுங்கள். குறைந்தால் எந்த நாளில் எத்தனை குறைந்தது, எச்சம் என்ன நிறம் என்று நாட்காட்டித் தாளிலேயே குறித்துவைத்து, கால்நடை மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.